நாயுருவி வேரும் நமது ஈமானும்

 

யாரும் விதை போடாமல் முளைத்து, யாரும் தண்ணீர் ஊற்றாமல் வளர்ந்து, யாரும் ஏறெடுத்துப் பாராமல் காய்ந்து போகும் செடிகள் நமது வளவுகளில் எத்தனையோ உண்டு. அவற்றுள் ஒன்றுதான் நாயுருவி. கற்பிட்டி முதல் பாலாவி வரையிலும், அங்கிருந்து முந்தல், உடப்பு வரையிலும் நமது கரையோர மணலில் ஒரு மழை பெய்தால் போதும். வேலியடியிலும் தென்னந்தோட்டத்திலும் மையவாடி ஓரத்திலும் இது தலை நீட்டிவிடும். ஆடு தேடிப் போன பிள்ளையின் சாரத்திலும், கிணற்றடிக்குப் போய்வந்த தாயின் சீலைத் தலைப்பிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளும் வந்துவிடும்.

இந்தச் சின்னச் செடியைப் பற்றி நமது ஊர்களில் இரண்டு விதமான பேச்சு உண்டு. ஒன்று வைத்தியப் பேச்சு. மற்றது மந்திரப் பேச்சு. இரண்டும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வருவதுதான் சிக்கல். “பல் வலிக்கு நல்லது, இடுப்பிலே கட்டினால் பிள்ளை சுகமாகப் பிறக்கும், புருஷனுக்குக் கொடுத்தால் சொல் கேட்பார்” என்று ஒரே வரிசையில் சொல்லிவிடுகிறார்கள். இதில் எது மருந்து, எது வீண் நம்பிக்கை, எது ஈமானுக்கு ஆபத்து, எது உயிருக்கு ஆபத்து என்பதைப் பிரித்தறிவது குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொரு தாய்க்கும் அவசியமாகும்.

அல்லாஹுத்தஆலா ஒவ்வொரு பொருளையும் ஓர் அளவின்படியே படைத்திருப்பதாகத் திருமறை (54:49) கூறுகிறது. நாயுருவிக்கும் அப்படி ஓர் அளவு உண்டு. அந்த அளவுக்கு அப்பால் அதற்குச் சக்தி இருப்பதாக நம்புவது ஒரு தவறு. அந்த அளவுக்குள் அதற்கு உண்மையாகவே இருக்கும் சக்தியை அறியாமல் அதனோடு விளையாடுவது இன்னொரு தவறு. நமது பெண்களில் சிலர் இந்த இரண்டிலும் விழுந்துவிடுவதால்தான் இதை எழுத நேர்ந்தது.

செடியும் அதன் பெயர்களும்

நாயுருவி ஒன்று முதல் மூன்று அடி வரை உயரும். இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக இருக்கும். நுனியில் சாட்டை போல நீண்ட கதிர் வரும். பூக்கள் காயாகும்போது கீழ்நோக்கி வளைந்து தண்டோடு ஒட்டிக் கிடக்கும். அதனால் கதிரைக் கீழிருந்து மேலாகத் தடவினால் கையில் குத்தும். நாம் சமைக்கும் முளைக்கீரை, தண்டுக்கீரை ஆகியவற்றின் குடும்பத்தையே இதுவும் சேர்ந்தது. சிங்களச் சகோதரர்கள் இதைக் கரல் ஹெப என்பார்கள். வடமொழியில் அபாமார்க்கம் என்று பெயர். துடைத்து அகற்றுவது என்பது அதன் பொருள். தாவர நூல்களில் அக்கிராந்தஸ் ஆஸ்பெரா எனப்படும்.

ஒல்லாந்தர் ஆட்சியில், 1670களில் இலங்கையில் வைத்தியராக இருந்த போல் ஹேர்மன் என்பவர் இங்குள்ள செடிகளைப் பறித்து உலர்த்திச் சேகரித்தார். அந்தச் சேகரிப்பை ஆராய்ந்தே லின்னேயஸ் என்ற அறிஞர் 1747 ஆம் ஆண்டு இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது நூலை எழுதினார். ஹேர்மன் உலர்த்திய செடிகள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட் காட்சியகத்தில் இருக்கின்றன. நாயுருவியும் அவற்றில் ஒன்று. நாம் களையென்று பிடுங்கி எறிவதைக் கடல் கடந்து கொண்டுபோய்ப் பாதுகாத்திருக்கிறார்கள்.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தனர். உடுத்த உடையோடு வந்த அந்தத் தாய்மாரால் கொண்டுவர முடிந்தது மனதில் இருந்த அறிவு மாத்திரமே. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் முல்லைத்தீவிலும் கண்ட அதே நாயுருவியை இந்த மணலிலும் கண்டார்கள். அவர்களது கைமருந்தும் இங்குள்ளவர்களின் கைமருந்தும் ஓலைக் குடிசைகளுக்கிடையே ஒன்றாகக் கலந்தன. நல்லவையும் கலந்தன, நல்லவையல்லாத பழக்கங்களும் கலந்தன. அவை இரு பக்கத்திலும் முன்பே இருந்தவைதாம்.

மருந்தாக நாயுருவி

மருந்து செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். நிவாரணம் இல்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்ற கருத்தில் அமைந்த ஹதீஸ் புகாரியில் பதிவாகியுள்ளது. எனவே செடி கொடிகளின் குணத்தை அறிவது தவக்குலுக்கு மாற்றமானதல்ல.

உஹதுப் போரில் நபி (ஸல்) அவர்களின் திருமுகத்தில் காயம் பட்டு இரத்தம் நிற்காமல் வழிந்தபோது, அவர்களது அருமை மகளார் பாத்திமா (ரலி) அவர்கள் ஒரு பாயின் துண்டை எரித்து, அந்தச் சாம்பலைக் காயத்தில் வைத்து அழுத்தினார்கள்; இரத்தம் நின்றது. இதுவும் புகாரியில் உள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் அவர்களது சகோதரி மகன் உர்வா (ரஹ்), வைத்திய அறிவு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டபோது, நபியவர்கள் நோயுற்றிருந்த காலத்தில் பல ஊர்களிலிருந்தும் வந்த அரபிகள் சொன்ன மருந்துகளைத் தாமே தயாரித்துக் கொடுத்துக் கற்றுக்கொண்டதாகப் பதிலளித்தார்கள். கைமருந்து அறிந்த பெண் என்பது நமது மார்க்கத்தில் மதிப்புக்குரிய நிலையாகும்.

நாயுருவியின் வேரும் தண்டும் பல் துலக்கும் குச்சியாக நெடுங்காலம் பயன்பட்டு வந்திருக்கின்றன. மிஸ்வாக்குக்கு அராக் மரமே சிறந்தது. அதே மரம் மலித்தன் என்ற சிங்களப் பெயரோடு நமது நாட்டின் வறண்ட கரையோரங்களிலும் வளர்கிறது. ஆயினும் ஷாபிஈ மத்ஹபின்படி, அழுக்கை நீக்கக்கூடிய சொரசொரப்பான, சுத்தமான, தீங்கற்ற எந்தப் பொருளால் துலக்கினாலும் சுன்னத்து நிறைவேறிவிடும். அந்த வகையில் நாயுருவிக் குச்சியும் மிஸ்வாக்தான்.

இலையைக் கசக்கிப் பூச்சிக் கடியிலும் குளவி கொட்டிய இடத்திலும் தேய்ப்பார்கள். செடியை வேரோடு காயவைத்து எரித்த சாம்பலில் சாம்பலுப்பு மிகுதி. முற்காலத்தில் அதைக் கரைத்துத் துணி வெளுத்தார்கள். பரியாரிமார் அந்தச் சாம்பலைத் தேனில் குழைத்து இருமலுக்கும் சளிக்கும் கொடுத்தார்கள். நீர் சரியாகப் பிரியாதவர்களுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். விதையைப் பாலில் சமைத்து உண்டால் பசி அடங்கும் என்றும் பழைய வைத்தியத்தில் சொல்லப்படும். இதைக் கேள்விப்பட்டு நோன்பு காலத்தில் ஸஹருக்குச் சாப்பிடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பசியை உணர்வதற்காக நோற்கும் நோன்பில் பசியைக் கொல்லும் விதை எதற்கு?

இந்தச் செடி பரிசோதனையில் தேறிய ஓர் இடமும் உண்டு. ஆசனவாயின் அருகே புரையோடி ஆறாமல் சீழ் வடியும் பவுத்திர நோய்க்குக் காரநூல் சிகிச்சை என்று ஒன்று செய்கிறார்கள். ஒரு நூலை எடுத்து, கள்ளிப் பால், நாயுருவிச் சாம்பலிலிருந்து எடுத்த காரம், மஞ்சள் ஆகியவற்றை முறைப்படி 21 தடவை பூசி உலர்த்தி, அந்த நூலைப் புரையினூடாகச் செலுத்திக் கட்டுவார்கள். பழைய நூல்களில் இருந்த இம்முறையை 1960களில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தேஷ்பாண்டே குழுவினர் மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல வைத்தியசாலைகளில் இதைச் சத்திர சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்து 1991 ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டது. புண் ஆறுவதற்கு நூல் முறையில் கூடுதல் நாட்கள் எடுத்தன. ஆனால் நோய் திரும்ப வந்தது நூற்றுக்கு 4 பேருக்கு மாத்திரமே. சத்திர சிகிச்சை செய்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்குத் திரும்ப வந்தது.

இங்கேயும் நாயுருவி இருக்கிறது, நூலும் இருக்கிறது. ஆனால் இது ஊதி முடிச்சுப் போட்ட நூலல்ல. தேர்ந்த வைத்தியர் அளந்து பூசி, நோயுள்ள இடத்தில் கட்டி, ஆறுகிறதா என்று வாரந்தோறும் பார்க்கும் நூல். மருந்துக்கும் மந்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

மந்திரமாக நாயுருவி

இனி மற்றப் பக்கத்துக்கு வருவோம். வசியம் செய்வதற்கு நாயுருவி வேர், அதிலும் சிவப்புத் தண்டுடைய செந்நாயுருவி வேர் சிறந்தது என்று மந்திரவாதிகள் சொல்வார்கள். அதைச் சும்மா பிடுங்கக் கூடாதாம். குறித்த நாளில் சூரியன் உதிக்குமுன் போக வேண்டும், நமது நிழல் செடியில் விழக் கூடாது, செடிக்கு நூல் காப்புக் கட்டிச் சாப நிவர்த்தி சொல்ல வேண்டும், இரும்பு படாமல் வேரை எடுக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் உண்டு. இப்படி எடுத்த வேரைத் தகட்டுக் கூட்டுக்குள் அடைத்து வியாபாரம் பெருக, வழக்கில் வெல்ல, கண்ணூறு கழிய, பேய் பிசாசு அண்டாதிருக்க என்று கழுத்திலோ அரையிலோ கட்டுகிறார்கள்.

இதன் வேர் எங்கே இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தீமையைத் துடைத்து அகற்றும் செடியாக அபாமார்க்கத்தை விளித்துப் பாடும் மந்திரங்கள் அதர்வ வேதத்தில் உள்ளன. நரக சதுர்த்தசி நீராடலில் இச்செடியைத் தலையைச் சுற்றி எடுக்கும் வழக்கம் இந்தியாவில் உண்டு. நவக்கிரக ஹோமத்தில் புதன் கிரகத்துக்குரிய சமித்தாக நாயுருவிக் குச்சியையே இடுகிறார்கள். இவை இந்துச் சகோதரர்களின் சமய வழிபாட்டைச் சேர்ந்தவை. அவர்கள் வணங்குபவற்றை ஏசக் கூடாதென்று திருமறை (6:108) நம்மைத் தடுக்கிறது. எனவே அவர்களைக் குறை சொல்வது நமது நோக்கமல்ல. ஆனால் வேறொரு மார்க்கத்தின் வழிபாட்டிலிருந்து வந்த ஒரு செயலை, பிஸ்மில்லாஹ் சொல்லிச் செய்துவிட்டால் அது இஸ்லாமாகிவிடுமா? அதைத்தான் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் ஹுனைன் நோக்கிப் போன வழியில் இணைவைப்போரின் ஒரு மரம் இருந்தது. பரக்கத்தை நாடி அதிலே தமது ஆயுதங்களைத் தொங்கவிடுவது அவர்களது வழக்கம். புதிதாக இஸ்லாத்தில் இணைந்த சிலர், நமக்கும் அப்படி ஒரு மரத்தை ஏற்படுத்தித் தாருங்கள் என்று கேட்டனர். மூஸா (அலை) அவர்களிடம் அவர்களது கூட்டத்தார் தமக்கும் ஒரு தெய்வத்தை உருவாக்கித் தரும்படி கேட்டதற்கு இது ஒப்பானது என்று நபியவர்கள் கடிந்துகொண்டார்கள். திர்மிதியில் உள்ள செய்தி இது. அவர்கள் மரத்தை வணங்கக் கேட்கவில்லை. மரத்தில் ஒரு சக்தி இருப்பதாக எண்ணினார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு முறை பத்துப் பேர் பைஅத் செய்ய வந்தபோது ஒன்பது பேரிடம் பைஅத் வாங்கிய நபியவர்கள், ஒருவரை மாத்திரம் நிறுத்திவைத்தார்கள். அவரது உடலில் தாயத்து இருந்ததே காரணம். அதை அறுத்தெறிந்த பின்னரே அவரை ஏற்றுக்கொண்டார்கள் என்று முஸ்னத் அஹ்மதில் வருகிறது.

குர்ஆன் வசனங்களை எழுதிக் கட்டுவது பற்றி ஸஹாபாக்கள் காலம் முதல் கருத்து வேறுபாடு உண்டு. அது தனியே பேச வேண்டிய விடயம். ஷிர்க் கலவாத ஓதிப் பார்த்தலுக்குத் தடையில்லை என்று முஸ்லிம் ஷரீபில் ஹதீஸ் உள்ளது. ஆனால் வேரிலே சக்தி இருப்பதாக நம்பிக் கட்டுவது அந்தக் கருத்து வேறுபாட்டுக்குள் வராது.

புருஷனை வசப்படுத்த வேர்

நமது பெண்கள் மிகவும் கவனிக்க வேண்டிய ஒரு ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. அதை அறிவிப்பவர் ஒரு பெண். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி). ஜாஹிலிய்யா மந்திரங்கள், தாயத்துக்கள், திவலா ஆகியவை ஷிர்க் என்று நபியவர்கள் சொன்னதை அவர்களது கணவர் எடுத்துச் சொல்கிறார். திவலா என்பது கணவனின் அன்பைப் பெறுவதற்காகப் பெண்கள் செய்துகொள்ளும் வசியம். நமது ஊரில் இடுமருந்து என்கிறோமே, அதுவேதான்.

அப்போது ஸைனப் (ரலி) அவர்கள், எனது கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது, இன்ன யூதரிடம் போய் ஓதிப் பார்த்தேன், நின்றுவிட்டதே என்று கேட்டார்கள். இன்றைக்கும் எல்லாப் பெண்களும் கேட்கும் கேள்வி இது. “கட்டினோம், சுகம் கிடைத்ததே” என்கிறார்கள். அது ஷைத்தானின் வேலை. அவனே குத்துகிறான், ஓதியதும் அவனே நிறுத்துகிறான் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) பதில் சொல்லிவிட்டு, மனிதர்களின் இரட்சகனிடமே சுகம் கேட்கும் நபிவழி துஆவைக் கற்றுக்கொடுத்தார்கள். சுகம் கிடைத்துவிட்டது என்பது, செய்த காரியம் சரி என்பதற்கு ஆதாரமாகாது.

இடுமருந்து கொடுக்கும் பெண்ணைக் கெட்டவள் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் அவள் பயந்து போனவள். வெளிநாடு போன கணவன் பேசுவதில்லை, மாமி வீட்டில் மதிப்பில்லை, இன்னொரு கல்யாணம் என்ற பேச்சு அடிபடுகிறது. அவளது பயத்தைக் கேட்க ஆளில்லாதபோதுதான் வேர் விற்பவன் கேட்கிறான். ஆயிரக்கணக்கில் பணத்தையும் வாங்கிக்கொள்கிறான். ஆகவே தாய்மாரே, சகோதரிகளே, மாமிமாரே! அந்தப் பெண்ணின் பேச்சை முதலில் நீங்கள் கேளுங்கள். கணவன் மனைவிக்கிடையே பிளவு ஏற்படும் என்று அஞ்சினால் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அனுப்பும்படி திருமறை (4:35) வழி காட்டியிருக்கிறது. என்ன வேர், எந்த அளவு, எதனோடு அரைத்தது என்று தெரியாத ஒன்றைக் கணவனின் கறியில் கலப்பது ஷிர்க்காவதோடு, நஞ்சூட்டுவதாகவும் முடியலாம்.

பிரசவ நேரத்தில் கட்டும் வேர்

நாயுருவியைப் பற்றிய நம்பிக்கைகளில் மிகவும் பரவலானது இது. வலி கண்ட பெண்ணின் தொடையிலோ இடுப்பிலோ வேரைக் கட்டினால் பிள்ளை உடனே பிறக்கும். பிறந்ததும் வேரை அவிழ்த்துவிட வேண்டும். தவறினால் குடலையே இழுத்துவிடும் என்பார்கள். இலங்கை, இந்தியக் கிராமங்கள் பலவற்றில் மருத்துவிச்சிமார் இதைச் செய்து வந்திருக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். வலி கண்ட பெண்களில் பெரும்பாலானோருக்கு, எதுவும் கட்டாவிட்டாலும், அல்லாஹ்வின் அருளால் பிள்ளை பிறந்துவிடுகிறது. நேரம் நீண்டு போகும்போதே வேரைத் தேடுகிறார்கள். அதன்பின் பிறந்தால் புகழ் வேருக்குப் போகிறது. குழந்தை குறுக்கே கிடந்தால், இரத்தம் பெருகினால், வலிப்பு வந்தால் வேர் என்ன செய்யும்? அந்த வேரை நம்பிக் காத்திருந்த நேரத்தில் மௌத்தான தாய்மாரைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. கற்பிட்டியிலிருந்து புத்தளம் வைத்தியசாலைக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். அந்தத் தூரத்தோடு வேர் தேடிய ஒரு மணித்தியாலமும் சேர்ந்தால் ஓர் உயிரே போய்விடலாம்.

நமது நாட்டில் 2016 ஆம் ஆண்டு நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி 100 பிரசவங்களில் 99க்கு மேல் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் பிரசவத்தில் ஏராளமான தாய்மாரைப் பறிகொடுத்த நாடு, இன்று அந்த மரணங்களை மிகவும் குறைத்திருக்கிறது. வீடு வீடாக வரும் மருத்துவ மாது, கிளினிக், ஆஸ்பத்திரி ஆகியவையே அதற்குக் காரணம். ஆயினும் ஆஸ்பத்திரிக்குப் போகும் பையினுள் வேரை முடிந்து வைத்துக்கொண்டு போகும் பழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை.

மர்யம் (அலை) அவர்களின் பிரசவத்தைத் திருமறை (19:23–26) விவரிக்கும் விதத்தைப் பாருங்கள். துணைக்கு யாருமில்லாமல் வலி தாங்காமல் பேரீச்ச மரத்தடிக்கு வருகிறார்கள். கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதல் கிடைக்கிறது. பக்கத்தில் நீரோடை காட்டப்படுகிறது. மரத்தை உலுக்கும்படியும், விழும் கனிந்த பழங்களை உண்டு, நீர் அருந்தி, கண் குளிர்ந்திருக்கும்படியும் சொல்லப்படுகிறது. அந்த மரத்தின் வேரை எடுத்துக் கட்டும்படி சொல்லப்படவில்லை. ஆறுதல், தண்ணீர், உணவு, அவர்களது சொந்த முயற்சி, அல்லாஹ்வின் மீது நம்பிக்கை. பிரசவத்துக்குப் போகும் மகளுக்குத் தாய் கொடுக்க வேண்டியவை இவையே.

கர்ப்பிணிகளே, கவனம்!

வேரை வெளியே கட்டுவதில் பயனில்லை. ஆனால் அதை உள்ளுக்குக் கொடுத்தால் கெடுதல் உண்டு. மந்திரத்தில் பொய்யான செடி, நஞ்சில் உண்மையாகிவிடுகிறது. நாயுருவியில் சவர்க்காரம் போல் நுரைக்கும் சப்போனின் என்ற சத்தும் வேறு பல சத்துக்களும் உண்டு. எலிகளுக்கும் முயல்களுக்கும் இதன் சாற்றைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள், இது கரு தங்குவதைத் தடுக்கக்கூடியது, தங்கிய கருவைக் கலைக்கக்கூடியது எனக் காட்டியிருக்கின்றன. வேரின் சாறு எலிகளில் கரு தங்குவதைப் பெருமளவு தடுத்ததாக 2006 ஆம் ஆண்டு வெளியான இந்திய ஆய்வொன்று கூறுகிறது. ஆகவே மாதவிடாய் பிந்திய பெண்ணும், கர்ப்பிணியும், குழந்தைப் பேற்றை எதிர்பார்த்திருப்பவளும் நாயுருவிக் கஷாயத்தையோ சூரணத்தையோ தொடவே கூடாது.

இதன் வேரையோ தண்டையோ உள்ளே செலுத்திக் கருவைக் கலைக்கும் கொடுமையும் இந்தியக் கிராமங்களில் நடந்ததாக மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கிருமி புகுந்து, காய்ச்சல் கண்டு, கர்ப்பப்பை கெட்டு, தாயே இறந்துவிடும் காரியம் இது. வெட்கத்தாலோ பயத்தாலோ ஒரு பெண் இத்தகைய நிலைக்குத் தள்ளப்பட்டிருந்தால், அவளை ஏசுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நடந்ததை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வைத்தியம் அறியாமல் வைத்தியம் பார்ப்பவர் அதனால் ஏற்படும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் ஹதீஸ் ஒன்று அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகியவற்றில் உள்ளது. நமது நாட்டில் 1929 முதலே கொழும்பில் சுதேச வைத்தியக் கல்லூரி இயங்கியது. அங்கே யூனானி வைத்தியமும் கற்பிக்கப்பட்டது. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வைத்தியர்கள் பதிவு செய்யப்படுகிறார்கள். மூலிகை மருந்து வேண்டுமென்றால் படித்துப் பதிவு பெற்றவரிடம் போகலாம். பிடித்த வேரை யாரோ சொன்னபடி அரைக்க வேண்டியதில்லை.

இந்தக் கரைக்கு வந்த காழியின் சாட்சி

இளமை தரும் இலை, வசியம் செய்யும் வேர் என்ற கதைகள் புதியவையல்ல. 1344 ஆம் ஆண்டு நமது புத்தளத்தில் வந்திறங்கிய உலகப் பயணி இப்னு பதூதா (ரஹ்) அவர்களும் இவற்றைக் கேட்டிருக்கிறார்கள். டில்லியிலும் மாலைதீவிலும் காழியாக இருந்த அவர்கள், பத்தாலா என்று தாம் குறிப்பிடும் இவ்வூரில் ஆரியச்சக்கரவர்த்தி மன்னரைச் சந்தித்து, அவரது உதவியோடு பாவா ஆதம் மலைக்குப் புறப்பட்டார்கள்.

வழியிலே அட்டைக்கடி. அட்டை மேலே பாய்ந்தால் தேசிக்காயைப் பிழிந்து விட்டால் விழுந்துவிடும் என்று இவ்வூர் மக்கள் வைத்திருந்த முறையைக் கண்டு, அதைத் தமது பயண நூலில் எழுதினார்கள். மலையடிவாரத்தில் இலை உதிராத மரம் ஒன்றைப் பற்றிய பேச்சு இருந்தது. அதன் இலையைத் தின்றால் கிழவனும் வாலிபனாவான் என்று நம்பி, இலை விழும் வரை யோகிகள் காத்திருந்தார்கள். அது பொய் என்று இப்னு பதூதா தெளிவாக எழுதி வைத்தார்கள்.

ஒரே மனிதர், ஒரே பயணம். தேசிக்காயை ஏற்றுக்கொண்டார், இலையை மறுத்தார். இன்று நாம் அதே தேசிக்காயைத் தலையைச் சுற்றி வெட்டிச் சூனியம் கழிப்பதைப் பார்க்கிறோம். காயிலே குற்றமில்லை, நாம் அதனிடம் கேட்பதிலேதான் குற்றம்.

வீட்டிலே கடைப்பிடிக்க வேண்டியவை

1. பல் துலக்க, பூச்சிக் கடியில் தேய்க்க என்று வெளிப் பிரயோகத்துக்கு நாயுருவியைப் பாவிக்கலாம். எரிச்சலோ தடிப்போ கண்டால் நிறுத்திவிடுங்கள்.

2. கற்பிட்டிப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் பூச்சிமருந்தும் பசளையும் அதிகம் இடப்படுகின்றன. தோட்ட வரம்பிலும் குப்பை மேட்டிலும் வளர்ந்த செடியை மருந்துக்கு எடுக்க வேண்டாம்.

3. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறு பிள்ளைகள், சிறுநீரக நோயாளர் ஆகியோருக்கு உள்ளே கொடுக்கவே வேண்டாம். மற்றவர்களும் பதிவு பெற்ற வைத்தியரைக் கேளாமல் குடிக்கக் கூடாது. ஆஸ்பத்திரி மருந்து குடிப்பவர்கள், தாம் எடுக்கும் மூலிகையையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

4. பாம்பு கடித்தால் நாயுருவியையோ வேறு பச்சிலையையோ தேட வேண்டாம். கடித்த உறுப்பை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும். பிரசவ வலிக்கும் அதே இலக்கம்தான்.

5. குழந்தையின் கழுத்தில் வேர் முடிந்த கயிறு கட்டாதீர்கள். ஈமானுக்கும் கேடு; இரவில் கழுத்தை இறுக்கினால் உயிருக்கும் கேடு. பலக், நாஸ் சூராக்களை ஓதி ஊதுங்கள்.

6. வீட்டில் இப்போது கட்டியிருக்கும் வேரை அவிழ்க்கப் பயமாக இருந்தால், பயப்படுபவரை ஏளனம் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, ஆயத்துல் குர்ஸி ஓதி நீங்களே அவிழ்த்துவிடுங்கள்.

சகோதரிகளே! அடுத்த மழைக்கு நாயுருவி மறுபடியும் நமது வேலியடியில் முளைக்கத்தான் போகிறது. அதைப் பயத்தோடும் பார்க்க வேண்டாம். பக்தியோடும் பார்க்க வேண்டாம். நமக்குப் பயன்படுவதற்காக அல்லாஹ் அளவோடு படைத்த ஒரு செடியாகப் பாருங்கள். நமது பெண் மக்களுக்கும் அப்படியே சொல்லிக் கொடுங்கள். குணமளிக்கும் ஷாபீ அவன் ஒருவனே. நமது உடலுக்கு ஆபியத்தையும், உள்ளத்துக்கு உறுதியான ஈமானையும், பிரசவத்தை எதிர்பார்த்திருக்கும் நமது பிள்ளைகளுக்கு இலேசான சுகப் பேற்றையும் அவன் தந்தருள்வானாக! ஆமீன்.